அழுகாத தோல், புளித்த பால், உதிராத மயிர்

கம்பளியும் தோலும் பாலும் கால்நடையின் உடலோடு இயல்பாகவே வந்த கொடைகள் என்றும், விலங்கைக் கட்டிப்போட்ட நாள்முதல் அவை மனிதருக்குக் கிடைத்துவந்தன என்றும் எண்ணுவது எளிது. தொல்லியலும் மரபணுவியலும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் திரட்டியுள்ள சான்றுகள் அந்த எண்ணத்துக்கு இடம் தருவதில்லை. சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன், இன்றைய தென்கிழக்குத் துருக்கியிலும் அதை ஒட்டிய மேற்கு ஈரானின் சாக்ரோஸ் மலைச்சரிவுகளிலும் மக்கள் செம்மறியையும் வெள்ளாட்டையும் பழக்கத் தொடங்கியபோது, அந்தச் செம்மறியின் உடலில் நூற்கத்தக்க கம்பளி இல்லை. அதைப் பழக்கிய மனிதரில் வளர்ந்தவர்களுக்குப் பச்சைப்பாலைச் செரிக்கும் ஆற்றல் ஏறத்தாழ இல்லை. உரித்தெடுத்த தோலோ, ஈரமாக விட்டால் சில நாளில் அழுகியது, வெயிலில் காயவிட்டால் விறைத்து மடங்க மறுத்தது. இம்மூன்றும் அன்றாடப் பொருள்களானதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகக் கூர்ந்து கவனித்துச் செய்துபார்த்த, பெரும்பாலும் பெயர் எழுதப்படாமலே போன மனிதரின் கைவேலைதான்.

மூன்றில் மூத்தது தோல். அது கால்நடை வளர்ப்புக்கும் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்டது. மொராக்கோவின் கடற்கரையில் உள்ள கான்ட்ரபாண்டியே குகையில், 90,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட படிவுகளிலிருந்து, தோலைச் சுரண்டவும் தேய்க்கவும் பயன்பட்ட எலும்புக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. தென்மேற்குப் பிரான்சில் நியாண்டர்தால் மனிதர் வாழ்ந்த இரண்டு இடங்களில், மான் இனத்தின் விலா எலும்பைத் தேய்த்து முனை மழுக்கிச் செய்த, சுமார் 50,000 ஆண்டுப் பழைமையுள்ள கருவித் துண்டுகளை ஆய்வாளர்கள் 2013இல் அறிவித்தனர். தோலின் மேல் அழுத்தித் தேய்த்து அதை மிருதுவாகவும் நீர் எளிதில் புகாததாகவும் ஆக்கும் இக்கருவியின் வடிவத்தை ஒத்த ஒன்றை இன்றும் கைவினைத் தோல் தொழிலாளர் பயன்படுத்துகின்றனர் என்பது, ஒரு தொழிலறிவு எத்தனை நீண்ட காலம் நிலைத்து நிற்கக்கூடும் என்பதற்கு அரிய சான்றாகும்.

தோலைக் காப்பதில் உள்ள சிக்கலைப் புரிந்துகொள்ள அதன் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். மயிர் வேரூன்றிய மேற்பகுதிக்கும் சதையை ஒட்டிய அடிப்பகுதிக்கும் இடையே உள்ள தடித்த அடுக்கு, கொலாஜன் எனப்படும் புரத நார்கள் பின்னிப் பிணைந்து உருவானது. அந்நார்களுக்கிடையே நீர் இருக்கும்வரை நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று அழுகச் செய்கின்றன. நீர் வற்றினால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தோல் முழுவதும் விறைத்துவிடுகிறது. நீரை வெளியேற்றி அதன் இடத்தில் வேறொரு பொருளைப் புகுத்தி, நார்கள் ஒட்டாமலும் அழுகாமலும் செய்வதே பதனிடுதல். விலங்கின் கொழுப்பையோ மூளையையோ பிசைந்து தேய்த்துப் புகையில் காட்டுவது மிகப் பழைய முறை. படிகாரம் இட்டு வெள்ளைத் தோலாக்குவது இன்னொரு முறை. மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஊறவைப்பது மூன்றாவது. டானின் கொலாஜனோடு இறுகப் பிணைந்துகொள்வதால் இம்மூன்றாவது முறையில் கிடைக்கும் தோல் மீண்டும் நனைந்தாலும் அழுகுவதில்லை. கொழுப்பாலும் படிகாரத்தாலும் பதனிட்டவற்றுக்கு அந்த உறுதி இல்லை.

பழைய முறையின் முழுத் திறனையும் ஒரே உடலில் காட்டுவது, ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையில் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து 1991இல் வெளிப்பட்ட ஏட்சி என்னும் மனிதர். கி.மு. 3300ஐ ஒட்டி இறந்த அவருடைய உடைகளின் மரபணுவை 2016இல் ஆராய்ந்தபோது, மேலங்கி செம்மறித் தோலையும் வெள்ளாட்டுத் தோலையும் துண்டு துண்டாக இணைத்துத் தைத்தது என்றும், கால் உறை வெள்ளாட்டுத் தோல், இடையாடை செம்மறித் தோல், காலணியின் வார் மாட்டுத் தோல், தொப்பி பழுப்புக் கரடியின் தோல், அம்பறாத்தூணி ஒருவகைச் சிறுமானின் தோல் என்றும் தெரியவந்தது. எந்த உறுப்புக்கு எந்த விலங்கின் தோல் பொருந்தும் என்பதை அறிந்து தேர்ந்தவரின் உடை அது. ஆடு மேய்த்த ஒரு சமூகத்தைச் சேர்ந்தவராயினும் அவர் உடலில் நெய்த கம்பளி ஒரு முழம்கூட இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். செம்மறியின் தோல் அவருக்கு ஆடையாயிற்று, அதன் மயிர் நூலாகவில்லை. அவருக்குச் சில தலைமுறை முற்பட்ட, ஆர்மீனியாவின் அரேனி குகையில் 2008இல் கிடைத்த காலணி, ஒரே துண்டு மாட்டுத் தோலைப் பாதத்தின் அளவுக்கு மடித்து, முன்னும் பின்னும் வார் கோத்து இறுக்கியது. உள்ளே புல் திணிக்கப்பட்டிருந்தது. அது 5,500 ஆண்டுகள் கெடாமல் கிடந்ததற்கு, குகையின் வறண்ட குளிர்ச்சியோடு, அதை மூடிக்கிடந்த ஆட்டுப் புழுக்கை அடுக்கும் காரணம்.

தோலும் இறைச்சியும் விலங்கைக் கொன்றால்தான் கிடைக்கும். பாலும் மயிரும் அதை உயிரோடு வைத்திருந்தால்தான் கிடைக்கும். இந்த வேறுபாடு மந்தையின் எலும்புகளில் பதிந்திருக்கும் என்பதைத் தெளிவாக வகுத்துக் காட்டியவர் செபாஸ்டியன் பெய்ன் என்னும் பிரித்தானியத் தொல்விலங்கியல் அறிஞர். துருக்கியின் அஷ்வான் காலே என்னும் அகழ்விடத்தில் கிடைத்த ஆட்டுத் தாடைகளை வைத்து 1973இல் அவர் எழுதிய ஆய்வின்படி, இறைச்சிக்காக வளர்ப்பவர் கிடாய்க் குட்டிகளை நன்கு கொழுக்கும்வரை, அதாவது ஒன்றரை முதல் இரண்டரை வயதுவரை வைத்திருந்து அறுப்பர். பாலுக்காக வளர்ப்பவர், தாயின் பாலைக் குட்டி குடித்துத் தீர்க்காமல் இருக்கப் பல குட்டிகளை ஓரிரு மாதத்திலேயே கழிப்பர். மயிருக்காக வளர்ப்பவரோ காயடித்த கிடாய்கள் உட்பட எல்லாவற்றையும் முதுமைவரை விட்டுவைப்பர். பற்களின் முளைப்பும் தேய்மானமும் வயதைச் சொல்லிவிடுவதால், ஊர் அழிந்து ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அங்கே ஆடு வளர்த்தவரின் நோக்கம் ஓரளவு வெளிப்பட்டுவிடுகிறது.

இத்தகைய சான்றுகளையும் பழைய ஓவியங்களையும் பாத்திர வடிவங்களையும் சேர்த்து வைத்து, ஆண்ட்ரூ ஷெராட் என்னும் ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1981இல் ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார். மக்கள் கால்நடையை முதலில் இறைச்சிக்காக மட்டுமே வளர்த்தனர் என்றும், கறத்தல், கம்பளி நூற்றல், ஏரிலும் வண்டியிலும் பூட்டுதல் ஆகியவை பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டை ஒட்டி, ஏறத்தாழ ஒரே காலத்தில் மேற்காசியாவில் தோன்றிப் பரவின என்றும் அவர் வாதிட்டார். விலங்கைக் கொல்லாமலே மீண்டும் மீண்டும் பெறும் பயன்களை அவர் இரண்டாம்நிலைப் பயன்கள் என்று அழைத்து, அந்த மாற்றத்தை ஒரு புரட்சி என்றே குறித்தார். பின்வந்த ஆய்வுகள் அவருடைய காலக்கணக்கைப் பெரிதும் திருத்திவிட்டாலும், தனித்தனியே கிடந்த செய்திகளை ஒரே கேள்வியின் கீழ்க் கொண்டுவந்த அவருடைய பார்வை இல்லாவிடில் அந்த ஆய்வுகளே தோன்றியிருக்க மாட்டா என்று சொல்லலாம்.

திருத்தம் முதலில் வந்தது பால் பற்றித்தான். மெருகுப் பூச்சு இல்லாத மண்பானையில் பால் காய்ச்சும்போது அதன் கொழுப்பு சுவரின் நுண்துளைகளுக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. விலங்கின் உடற்கொழுப்புக்கும் பாற்கொழுப்புக்கும் இடையே, அவற்றிலுள்ள கார்பனின் கனமான வகைக்கும் இலேசான வகைக்கும் உள்ள விகிதத்தில் சிறு வேறுபாடு இருப்பதைப் பயன்படுத்தி, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் குழுவினர் பானையோடுகளை ஆராய்ந்தனர். துருக்கி, தென்கிழக்கு ஐரோப்பா, கிழக்கு மத்தியதரைக் கடலோரம் ஆகிய பகுதிகளிலிருந்து எடுத்த 2,200க்கும் மேற்பட்ட பாத்திரங்களின் முடிவுகள் 2008இல் வெளிவந்தபோது, மர்மாரா கடலைச் சூழ்ந்த பகுதியில் கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே பால் பரவலாகப் பயன்பட்டது உறுதியாயிற்று. லிபியாவின் சகாராப் பகுதியில், அப்போது புல்வெளியாயிருந்த தகர்கோரியில், கி.மு. ஐந்தாம் ஆயிரத்தாண்டில் மக்கள் பால் கறந்ததும் இதே முறையில் பின்னர் தெரியவந்தது. ஷெராட் கணித்த காலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது பால்.

இந்தியத் துணைக்கண்டத்திலும் இம்முறை பலன் தந்திருக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள கோட்டடா பாட்லி என்னும் சிந்துவெளிக்கால ஊரின் 59 பானையோடுகளை ஆராய்ந்ததில், கி.மு. 2500ஐ ஒட்டிய காலத்தில் அங்கே பால் பதப்படுத்தப்பட்டதற்கான கொழுப்புத் தடயங்கள் 22 ஓடுகளில் காணப்பட்டன என்று 2020இல் அறிவிக்கப்பட்டது. பெரிய நகரங்களின் வடிகால்களையும் முத்திரைகளையும் பற்றியே மிகுதியாகப் பேசப்படும் ஒரு நாகரிகத்தில், ஒரு சிற்றூரின் அடுக்களைப் பானை இவ்வளவு சொல்ல முடிந்தது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் பானையில் பால் இருந்தது என்பதற்கும் மக்கள் பாலைப் பாலாகவே குடித்தனர் என்பதற்கும் இடையே பெரும் தூரம் உண்டு. பாலில் உள்ள இனிப்பு லாக்டோஸ் என்னும் சர்க்கரை. அதைக் குடலில் பிளக்க லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும். பாலூட்டி விலங்குகள் எல்லாவற்றிலும் குட்டி பால்குடி மறந்தபின் இந்த நொதியின் சுரப்பு குறைந்துவிடுகிறது. மனிதரிலும் அதுவே இயல்பு. இன்றும் உலகின் வளர்ந்தவரில் மூன்றில் இருபங்கினர் அளவுக்கு அந்த நிலையிலேயே இருக்கின்றனர். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கப்படும்போது வயிறு உப்புதலும் கழிச்சலும் நேர்கின்றன. ஐரோப்பாவின் முதல் உழவர்களுடைய எலும்பிலிருந்து எடுத்த மரபணுவை 2007இல் ஆராய்ந்தவர்கள், வளர்ந்தபின்னும் லாக்டேஸைச் சுரக்கச் செய்யும் மரபணு மாற்றம் அவர்களிடம் இல்லை என்று கண்டனர். பாலைச் செரிக்க முடியாதவர்கள்தான் பால் கறந்தார்கள்.

இந்தப் புதிருக்கு விடை தயிரிலும் மோரிலும் பாலாடைக்கட்டியிலும் இருக்கிறது. லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்கச் செய்யும்போது லாக்டோஸின் ஒரு பகுதியை அவையே உண்டுவிடுகின்றன. திரிந்த பாலைப் பிழிந்து தெளிநீரை வடித்தால் எஞ்சிய லாக்டோஸின் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. வெண்ணெயை உருக்கி நெய்யாக்கினால் ஏறத்தாழ எதுவும் மிஞ்சுவதில்லை. போலந்தின் குயாவியாப் பகுதியில் கிடைத்த, சல்லடைபோல் துளையிட்ட மண்பாத்திர ஓடுகள் பாலாடைக்கட்டி வடிக்கப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று பீட்டர் போகுக்கி 1980களில் கூறியபோது அது ஊகமாகவே இருந்தது. 2012இன் இறுதியில் அவ்வோடுகளின் கொழுப்பை எவர்ஷெட் குழுவினர் ஆராய்ந்து, 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவற்றில் பாற்கொழுப்பு மிகுந்திருப்பதை நிறுவினர். வெப்ப நாளில் சில மணி நேரத்தில் கெடும் ஒரு பொருளை நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் வைத்து உண்ணும் உணவாக்கியதோடு, தம் வயிற்றுக்கு ஒவ்வாத ஒன்றை அம்மக்கள் ஒவ்வுமாறும் செய்துகொண்டனர். உறை ஊற்றத் தெரிந்த முதல் கை எவருடையது என்று எந்நாளும் அறிய முடியாது; சமையல் வரலாற்றில் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்புகள் அதிகம் இல்லை.

மரபணு மாற்றம் பின்னாலேதான் வந்தது. ஐரோப்பாவில் கி.மு. 4700ஐ ஒட்டி முதன்முதலில் தென்படும் அது, கி.மு. 1000 வரை பரவலாகவில்லை. பால் உடலுக்கு நல்லது, ஆகவே அதைச் செரித்தவர் தழைத்தனர் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விளக்கம். 550க்கும் மேற்பட்ட தொல்லிடங்களிலிருந்து ஏறத்தாழ 7,000 கொழுப்புத் தடயங்களைத் தொகுத்து 2022இல் வெளிவந்த ஆய்வு, பால் மிகுதியாகப் பயன்பட்ட காலத்துக்கும் இடத்துக்கும் அம்மாற்றத்தின் பரவலுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்று காட்டியது. உடல்நலமுள்ள ஒருவருக்குக் கழிச்சல் ஒரு தொல்லை மட்டுமே. ஆனால் விளைச்சல் பொய்த்து, உடல் மெலிந்து, தொற்றுநோயும் சூழ்ந்த காலத்தில், உண்ண வேறெதுவும் இல்லாமல் பச்சைப்பாலைக் குடித்தவருக்கு அதே கழிச்சல் உயிரைக் குடித்திருக்கும் என்பதே அவ்வாய்வு முன்வைக்கும் விளக்கம். பஞ்சமும் நோயுமே இந்த மாற்றத்தைத் தெரிந்தெடுத்தன என்னும் இக்கருத்து இன்னும் விவாதத்தில் இருந்தாலும், முந்தைய விளக்கத்தைவிட இதுவே சான்றுகளோடு பொருந்துகிறது. கிழக்காப்பிரிக்க மேய்ப்பர் இடையே வேறு மரபணு மாற்றங்கள் தனியாகத் தோன்றி அதே பயனைத் தந்தன. மங்கோலியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இன்றும் எந்த மாற்றமும் இல்லை. அவர்கள் ஐயாயிரம் ஆண்டுகளாகப் புளித்த பாலிலும் கட்டிப் பாலிலும் வாழ்ந்துவருகின்றனர்.

கறத்தலும் எளிதாக வாய்த்ததன்று. பழைய இனப் பசு தன் கன்றின் உடலையும் மணத்தையும் உணராமல் பாலை மடியிலிருந்து இறக்குவதில்லை. கன்றை முதலில் ஊட்டவிட்டு, சுரந்ததும் இழுத்து முன்காலில் கட்டி, மீதியைக் கறந்துகொள்ளும் வழக்கம் இதனால் உண்டானது. எகிப்தின் தைர் எல் பஹ்ரியில் கிடைத்த, சுமார் 4,000 ஆண்டுப் பழைமையுள்ள, காவித் என்னும் அரசியின் கல் சவப்பெட்டியில் இக்காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. கன்று தாயின் காலில் கட்டப்பட்டிருக்க, கறக்கப்படும் பசுவின் கண்ணில் ஒரு துளி நீர். கன்று இறந்துவிட்டால் அதன் தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தாயின் முன் நிறுத்திக் கறப்பதும் பல நாடுகளில் இருந்தது. தமிழ்நாட்டின் மாட்டுத் தொழுவங்களிலும் அது பழக்கப்பட்ட காட்சியே. மெசபொத்தேமியாவில் அல் உபைதுக் கோயிலை அலங்கரித்த கி.மு. 2500ஐ ஒட்டிய சிற்ப வரிசையில், பசுவின் பின்புறம் அமர்ந்து கறப்பவர், வடிகட்டுபவர், பெரிய சாடியை ஆட்டி வெண்ணெய் எடுப்பவர் என்று வேலை பகுக்கப்பட்டுக் காட்டப்பட்டிருப்பதிலிருந்து, பால் அப்போதே கோயிலின் முறைப்படுத்தப்பட்ட தொழிலாகியிருந்தது தெரிகிறது.

பாலும் தோலும் கம்பளியும் ஒருசேர ஒரு மக்களின் வாழ்வை நிறைத்ததற்கு, சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் தாரிம் வடிநிலப் பாலைவனத்துக்குள் உள்ள சியாவோஹே கல்லறைத் தொகுதியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. சுவீடன் நாட்டு ஃபோல்கே பெர்க்மன் 1934இல் கண்டு, 2002க்குப் பின் சீனத் தொல்லியலாளர் முழுமையாக அகழ்ந்த அவ்விடத்தில், படகு வடிவ மரப்பெட்டிகள் மாட்டுத் தோலால் மூடி இறுக்கப்பட்டிருந்தன. வறட்சியால் கெடாமல் நின்ற உடல்கள் கம்பளிப் போர்வையும் கம்பளி மயிரை நனைத்து மிதித்து இறுக்கிச் செய்த தொப்பியும் தோல் காலணியும் அணிந்திருந்தன. கழுத்தையும் மார்பையும் சுற்றிப் பாலாடைக்கட்டித் துண்டுகள் கிடந்தன. சுமார் 3,600 ஆண்டுப் பழைய அக்கட்டிகள் கெஃபிர் எனப்படும் புளிப்பு முறையில் செய்யப்பட்டவை என்று ஆய்வுகள் காட்டின. அம்மக்களின் பற்காரையில் பாற்புரதம் நிறைந்திருக்க, அவர்களுடைய மரபணுவிலோ பச்சைப்பாலைச் செரிக்கும் மாற்றம் இல்லை.

கம்பளி, மூன்றிலும் இளையது. மூன்றிலும் மிக வியப்புக்குரியதும் அதுவே. காட்டுச் செம்மறியின் உடலை மூடியிருப்பது தடித்த, முறுகல் இல்லாத, சாயம் பிடிக்காத முரட்டு மயிர். அதன் அடியில் குளிர்காலத்துக்கென வளரும் மென்மயிர் மிகக் குட்டையானது, இளவேனிலில் தானே உதிர்ந்துவிடும். முரட்டு மயிர் குறைந்தும் மென்மயிர் நீண்டும் உள்ள ஆடுகளைத் தெரிந்து இனம்பெருக்கியதன் பயனாகப் பல ஆயிரம் ஆண்டுகளில் கம்பளிச் செம்மறி உருவாயிற்று. அதன் மயிர் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மேற்பரப்பில் நுண்ணிய செதில்களும் உடலெங்கும் சுருளும் இருப்பதால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, இடையே காற்றைத் தேக்கிவைத்துச் சூட்டைக் காக்கின்றன, சாயத்தையும் எளிதில் ஏற்கின்றன.

அதற்கு முன் மேற்காசியாவின் நூல் ஆளியிலிருந்து, அதாவது லினன் துணி தரும் செடியிலிருந்து வந்தது. ஆளிக்கு நல்ல நிலமும் நீரும் வேண்டும். பிடுங்கி, நீரில் ஊறவைத்து அழுகச் செய்து, அடித்து, சீவி நார் எடுக்க மிகுந்த உழைப்பும் வேண்டும். ஜாய் மெக்கோரிஸ்டன் என்னும் ஆய்வாளர் 1997இல் சுட்டிக்காட்டியதுபோல, நூல் செடியிலிருந்து ஆட்டுக்கு மாறியபோது அந்த நன்செய் நிலம் தானியத்துக்கு விடுபட்டது. விளையாத புல்வெளி ஆடையைத் தரும் நிலமாயிற்று. நகரங்களின் எழுச்சிக்கு இந்த மாற்றம் எந்த அளவு துணைநின்றது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். துணைநின்றது என்பதில் ஐயமில்லை. உலகின் மிகப் பழைய எழுத்துகளில் சேரும், கி.மு. 3300 முதல் 3000 வரையிலான உருக் நகரத்துக் களிமண் ஏடுகளில், ஆட்டுக்கும் ஆட்டின் வகைகளுக்கும் உரிய குறிகள் மிகுதியாக இருக்கின்றன. மனிதர் எழுதக் கற்றதன் காரணங்களுள் ஆட்டுக் கணக்கும் ஒன்று. கம்பளி அறியாத உடையோடு ஏட்சி ஆல்ப்ஸ் மலையைக் கடந்ததும் ஏறத்தாழ இதே காலம்.

கி.மு. 21ஆம் நூற்றாண்டில், ஊர் நகரின் மூன்றாம் அரசமரபின் காலத்தில், கம்பளி அரசின் முதன்மைத் தொழிலாக வளர்ந்திருந்தது. இளவேனிலில் ஆடுகளை ஓரிடத்தில் சேர்த்து, உதிரும் பருவத்து மயிரைக் கையால் பறித்தனர். எடை போட்டு, தரம் பிரித்து, நெசவுக்கூடங்களுக்கு அனுப்பினர். லகாஷ் மாநிலத்தின் கிர்சு, ஊர் முதலிய நகரங்களின் கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் வேலை செய்தனர் என்பதை அரசுக் கணக்கேடுகள் காட்டுகின்றன. ஆணுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை என்பது பொது அளவாக இருந்தபோது, பெண்ணுக்குப் பெரும்பாலும் 30 சிலா தரப்பட்டது. ஒரு சிலா ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆண்டுக்கு ஒருமுறை சிறிது கம்பளியும் கிடைத்தது. அரசருக்குரிய முதல்தரத் துணியை நெய்தவர்களுக்குக் கூலியாக வந்தது தாழ்ந்த தரக் கம்பளிதான். போரில் பிடிபட்டு வந்தவர்களும் கணவனை இழந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். மெசபொத்தேமியாவின் புகழைச் சொல்லும் நூல்கள் அரசர்களின் பெயர்களை வரிசைப்படுத்துகின்றன. அந்நாட்டில் உலோகமும் நல்ல மரமும் இல்லாதபோது அவற்றை அயல்நாட்டிலிருந்து வாங்க உதவிய சரக்குகளில் இப்பெண்கள் நெய்த துணியே முதன்மையானது என்பதை அவ்வரிசைக்கு இணையாக வைத்துப் பார்ப்பது நேர்மை.

அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குள் பெண்களின் குரலே நேராகக் கேட்கத் தொடங்குகிறது. வடக்கே அசூர் நகர வணிகர்கள் கழுதைகளில் துணியும் வெள்ளீயமும் ஏற்றி, இன்றைய துருக்கியின் நடுவில் உள்ள கனேஷுக்குக் கொண்டுபோய் வெள்ளிக்கு விற்றுத் திரும்பினர். கனேஷில் அகழ்ந்தெடுத்த 23,000 அளவிலான களிமண் ஏடுகளில், அசூரிலேயே தங்கி வீட்டு நெசவை நடத்திய மனைவியரும் உடன்பிறந்தாரும் எழுதிய மடல்கள் பல உண்டு. புஷுகேன் என்னும் வணிகரின் மனைவி லமஸ்ஸி, அனுப்பிய துணிகளின் எண்ணிக்கையையும் கம்பளி கிடைப்பதில் உள்ள இடர்களையும் கணவரின் குறைகூறலுக்குத் தன் மறுமொழியையும் எழுதியிருக்கிறார். இன்னொரு மடலில் புசூர் அசூர் என்பவர் வக்கூர்தும் என்னும் பெண்ணுக்கு, முன் அனுப்பிய துணியைவிட ஒவ்வொன்றுக்கும் ஒரு மினா, அதாவது அரைக் கிலோ கம்பளி கூடுதலாகச் சேர்க்க வேண்டும், நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் சீவ வேண்டும், மயிரைக் கத்தரிக்கக் கூடாது என்று பணிக்கிறார். தொலைநாட்டுச் சந்தையின் விருப்பம் ஒரு வீட்டுத் தறியை எவ்வாறு ஆண்டது என்பதற்கு 3,900 ஆண்டுப் பழைய இம்மடலுக்கு மேல் சான்று வேண்டியதில்லை.

கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையில் கிடைத்த ஏடுகள் மந்தையையே கண்முன் நிறுத்துகின்றன. மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் அவ்வெழுத்தைப் படித்தறிந்த பின், ஜான் கில்லன் அதன் ஆட்டுக் கணக்குகளை ஆராய்ந்து, கி.மு. 14ஆம் நூற்றாண்டு அளவில் ஒரு லட்சத்தை நெருங்கும் ஆடுகளை அரண்மனை கணக்கில் வைத்திருந்தது என்றும், அவற்றில் பெரும்பாலானவை காயடித்த கிடாய்கள் என்றும் காட்டினார். குட்டியும் ஈனாமல் பாலும் தராத ஆட்டை அத்தனை எண்ணிக்கையில் காப்பதற்கு மயிரைத் தவிர வேறு காரணம் இல்லை. ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் முக்கால் கிலோ மயிர் என்பது அரண்மனையின் எதிர்பார்ப்பு. இரும்புக் கத்தரி வந்து, மயிர் உதிராத இனங்கள் பெருகியது கி.மு. முதல் ஆயிரத்தாண்டில், அதன்பின் கத்தரிக்காவிட்டால் தன் மயிரின் சுமையையே தாங்க முடியாத மெரினோ இனம்வரை செம்மறி வந்துசேர்ந்தது.

கம்பளிச் செம்மறி எல்லா நாட்டையும் வெல்லவில்லை. தமிழ்நாட்டின் செம்மறிகளில் கோயம்புத்தூர்க் குரும்பை, நீலகிரி போன்ற சில இனங்களே கம்பளி தருபவை. மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை முதலியவை குட்டை மயிர் இனங்கள். ஆடு வளர்ப்பவருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். தோல் தொழிலாளருக்கு இதுவே செல்வம். அடர்ந்த கம்பளி வேரூன்றும் தோலில் இடைவெளிகளும் கொழுப்பும் மிகுந்து மேல் அடுக்கு தளர்ந்திருக்கும். குட்டை மயிர் ஆட்டின் தோல் நெருக்கமும் உறுதியும் வாய்ந்தது. மேச்சேரி ஆட்டுத் தோலுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு.

அத்தோலைப் பதனிட ஏற்ற பொருளும் அதே வறண்ட நிலத்தில் விளைந்தது. புன்செய்க் கரைகளில் மஞ்சளாய்ப் பூக்கும் ஆவாரையின் பட்டையில் டானின் மிகுதி. முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரும் சதையும் களைந்து, பின் ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறவைத்து, இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்தெடுப்பது இங்குள்ள முறை. ஆவாரையால் மட்டும் பதனிட்ட தோல் வெயில்பட்டால் சிவந்துவிடும். கடுக்காய் அதைத் தடுத்து வெளிர்நிறத்தைக் காக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலண்டனுக்குச் சென்ற இத்தோலால் திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களில் தோல் ஷாப்புகள் பெருகின. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்று தோலைப் புரட்டியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுடைய வாழ்வையும் திண்டுக்கல்லில் அவர்கள் சங்கம் சேர்ந்து போராடியதையும் டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக எழுதினார். அதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஊர் நகரத்து நெசவுப் பெண்களுக்கு அப்படி ஓர் எழுத்தாளர் வாய்க்கவில்லை.

அமெரிக்காவின் ஆகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற குரோமிய உப்பு முறை, வாரங்கள் எடுத்த வேலையை ஓரிரு நாளாகக் குறைத்தது. சென்னை மாகாணத்துக்கு அதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். இன்று உலகத் தோலின் பெரும்பகுதி குரோமியத்தால் பதனிட்டதே. அந்த விரைவின் விலையைப் பாலாற்றங்கரை கொடுத்தது. வேலூர் வட்டாரத்தின் தோல் ஷாப்புகளிலிருந்து சுத்திகரிக்காமல் விட்ட கழிவுநீரால் கிணறுகளும் வயல்களும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவரே அதைச் சீர்செய்யும் செலவையும் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டையும் ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தபின் குரோமியத்தை ஓரளவு பிரித்து மீட்க முடிந்திருக்கிறது. கரைந்த உப்பைப் பிரிப்பதே கடினமாக இருக்கிறது; அந்த உப்பில் பெரும்பங்கு, உரித்த தோல் ஷாப்பை அடையும்வரை அழுகாமல் இருக்க அதன்மேல் தூவும் சாதாரண உப்பு. அவ்வுப்பைக் குறைத்தும் தவிர்த்தும் பச்சைத் தோலைக் காக்கும் வழிகளை, 1948இல் சென்னை அடையாற்றில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ஆராய்ந்துவருகின்றனர்.